ஓடிப்போனவனுக்குச் சான்றிதழ் கிடையாது

திங்கட்கிழமை என்றால் காலை ஏழரைக்கே கடையைத் திறந்துவிடுவேன். ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அறுவடை. குறைதீர்க்கும் நாள் கூட்டம் தொடங்க நேரம் இருக்கும். அதற்குள்ளேயே மனு எழுத நாலைந்து பேர் பெஞ்சில் இடம் பிடித்துவிடுவார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வரப்புத் தகராறு, அண்ணன் தம்பி பாகப் பிரச்சினை. (எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எழுதினால் நாளைக்கே எதிர்க் கட்டடத்திலிருந்து ஒருவர் வந்து நிற்பார். நான் இங்கேயே பிழைக்க வேண்டும்.)

பதினான்கு ஆண்டுகளாக இந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆள் வாயைத் திறக்கும் முன்பே கையில் இருக்கும் பையை வைத்து மனு என்னவென்று ஓரளவு சொல்லிவிடுவேன். நிலத்துக்காரர் காகிதத்தைச் சுருட்டி அக்குளில் வைத்திருப்பார். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகளிடம் மஞ்சள் பை இருக்கும். அதற்குள் ஜவுளிக்கடைக் கவர், கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் நாலாக மடித்து மடிப்பில் கிழிந்துபோன காகிதங்கள். கூடவே ஒரு பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டோ முந்தானையைப் பிடித்துக்கொண்டோ நிற்கும்.

போன ஆண்டு ஆடி மாதம் அப்படி ஒரு பாட்டி வந்தார். மூன்று பிள்ளைகள். பெரியவளுக்கு 12 வயது, நடுப்பையனுக்கு 9, கடைசிப் பையனுக்கு 6. மகள் இறந்து மூன்று வருடம். மருமகன் சென்ட்ரிங் வேலைக்கு பெங்களூரு போனவர், ஒரு பொங்கலுக்குப் பணம் அனுப்பினார், அடுத்த பொங்கலுக்கு எண்ணையே மாற்றிவிட்டார். பெரியவள் புறவழிச்சாலை ஓரத்து உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததை அதிகாரிகள் பார்த்து, குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி, சில வாரங்கள் குழந்தைகள் இல்லத்தில் வைத்திருந்து, பிறகு பாட்டியிடமே ஒப்படைத்திருந்தார்கள். அந்த ஒப்படைப்பு ஆணைதான் கவருக்குள் கவருக்குள் இருந்தது. பாட்டிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. "பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த சீட்டு" என்றார்.

பள்ளியில் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அதற்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் அப்பாவின் சான்றிதழ் எங்கே என்றார்கள். அப்பா இல்லை என்றால் இறப்புச் சான்றிதழ் எங்கே என்றார்கள். பாட்டி என்னிடம் கேட்டதை அன்றைக்கே பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிவைத்தேன். "செத்துப்போனவளுக்குச் சான்றிதழ் தருகிறார்கள் தம்பி. ஓடிப்போனவனுக்கு எந்த ஆபீசில் தருவார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதும் இல்லை. என் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை வளர்கிறது.

என் தங்கை 2018-ல் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவள் மகளுக்கு அப்போது ஏழு வயது. மாப்பிள்ளை குடிப்பார். மகளை அடிப்பவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மகள் என்று ஒருத்தி வீட்டில் இருப்பதே இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறைதான் அவருக்கு நினைவுக்கு வரும். 2019 கார்த்திகையில் பிள்ளை பள்ளியில் மயங்கி விழுந்தபோது வகுப்பு ஆசிரியை குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தார். அந்த அம்மாவுக்கு இன்றும் பொங்கலுக்குக் கரும்பு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பிள்ளை 34 நாட்கள் இல்லத்தில் இருந்தாள். பிறகு குழு அவளை என்னிடம் ஒப்படைத்தது. பெயரை எழுதமாட்டேன். இப்படிக் குழுவின் முன் வந்த பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் எழுதமாட்டேன். பதினான்கு வயதுப் பெண், ஒன்பதாம் வகுப்பு, என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்வாள். அவ்வளவு போதும்.

ஒப்படைக்கும் முன்பு ஓர் அலுவலர் வீட்டைப் பார்க்க வந்தார். பெண்மணி. எத்தனை அறை, பிள்ளை எங்கே படுப்பாள், வீட்டில் ஆண்கள் எத்தனை பேர், நான் குடிப்பேனா, கோபம் வந்தால் என்ன செய்வேன் என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவளைச் சபையில் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியவன் நான். என்னிடமா இந்தக் கேள்வி? அவர் போன பிறகு என் மனைவிதான் சொன்னாள்: "இந்தக் கேள்விகளை நாம் உங்கள் தங்கையைக் கட்டிக்கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருக்க வேண்டும்." அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

தாய்மாமன் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். காது குத்தலுக்கு மடி, சடங்குக்குச் சீர், கல்யாணத்துக்கு மாலை, எல்லாவற்றுக்கும் நம் ஊரில் தாய்மாமனுக்கு இடம் உண்டு. தட்டு தூக்கிக்கொண்டு வரும்போது மேளம்கூட அடிப்பார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து அழும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் மனைவி. தலையில் பேன் பார்த்தது, பள்ளிக்குப் போய்ப் பேசியது, காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்தது எல்லாம் அவள். ஊர் என்னவோ "தாய்மாமன்னா இப்படி இருக்கணும்" என்று என்னைத்தான் தட்டிக்கொடுக்கிறது. அத்தைக்கு ஏது மேளம்?

இன்னொரு தொல்லையும் உண்டு. எனக்கு ஒரு பையன், அவளைவிட மூன்று வயது இளையவன். "பரவாயில்லை, மருமகளை வீட்டிலேயே வளர்க்கிறாய்" என்று யாராவது ஒருவர் எந்த விசேஷத்திலும் சொல்லிச் சிரித்துவிடுவார். முறைதானே, கேலிதானே என்பார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். தான் இந்த வீட்டில் எதற்காக வளர்க்கப்படுகிறோம் என்று அவள் யோசிக்கத் தொடங்கினால் என்ன ஆவது? அப்படிச் சொன்ன ஒரு பெரியவரிடம் பந்தியிலேயே சண்டை போட்டேன். அந்த வீட்டோடு இப்போது பேச்சு இல்லை. நஷ்டமும் இல்லை.

வந்த புதிதில் அவள் பள்ளிப் பையில் எறும்பு மொய்த்தது. திறந்து பார்த்தால் இரண்டு நாள் பழைய இட்லி, பாதி பன், கடலை மிட்டாய். வீட்டில் யாரும் அவளுக்குச் சாப்பாட்டை மறுத்ததே இல்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நாம் போடமாட்டோம் என்று நினைக்கிறாளா என்று. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மூடி போட்ட டப்பாவில் பிஸ்கட்டும் பொட்டுக்கடலையும் நிரப்பி அவள் படுக்கும் இடத்தில் வைத்து, "இது உன்னுடையது, தீர்ந்தால் சொல்" என்றாள். ஏழெட்டு மாதம் டப்பாவை நிரப்பிக்கொண்டே இருந்தோம். பிறகு ஒரு நாள் அது அடுப்படிக்கு வந்து, இப்போது அதில் வெந்தயம் இருக்கிறது. இப்படி ஒன்று நடக்கும் என்று முன்கூட்டியே எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து யாராவது பேசியிருந்தால், நான் அந்த முதல் இரவு பிள்ளையை முறைத்திருக்கமாட்டேன்.

அவள் வந்து மூன்று மாதத்தில் ஊரடங்கு. கடை மூடிக்கிடந்தது. எங்கள் குடும்ப அட்டையில் மூன்று பெயர். அவள் பெயர் அப்பாவின் அட்டையில். அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். நீக்கலாம் என்று போய்க் கேட்டால், மாப்பிள்ளை அந்த அட்டையை ஒரு கடையில் முந்நூறு ரூபாய்க்கு அடகு வைத்திருந்தார். நான் போய் மீட்டேன். மாப்பிள்ளை என்றால் நம் வீடுகளில் எழுந்து நின்று வாங்க என்றுதானே கூப்பிட வேண்டும்? அடகுக் கடை வாசலிலும் "வாங்க மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டேன். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் அப்பாவை அவள் முன்னால் நான் சிறுமைப்படுத்தக் கூடாது. இப்போதும் தீபாவளிக்கு ஒரு மத்தாப்புப் பெட்டியோடு வருவார். தெளிவாக வந்தால் திண்ணை, இல்லாவிட்டால் தெருமுனை டீக்கடையோடு திருப்பி அனுப்பிவிடுவேன். இது எனக்கும் அவருக்கும் எழுதாத ஒப்பந்தம். அரசாங்கத்தின் எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

பணத்துக்கு வருகிறேன். உறவுக்காரர் பிள்ளையை வளர்த்தால் உதவி உண்டு என்பதே பெஞ்சில் உட்காரும் பலருக்குத் தெரியாது. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு என்று மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். முன்பு 2,000 ஆக இருந்தது. பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கும், தொழிலிலிருந்து மீட்கப்பட்டது போலப் பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைக்கும் பொருந்தும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: நகரத்தில் மாதம் எட்டாயிரத்துக்கு மேல் சம்பாதித்தால் நீங்கள் பணக்காரர். நான் ஜெராக்ஸ் மிஷின் வைத்திருக்கும் பணக்காரன், எனக்குக் கிடைக்காது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. மாதம் பத்தாயிரம் சம்பளத்துக்குக் காவல் வேலை பார்த்துக்கொண்டு அக்காவின் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் ஒருவர் என் கடைக்கு வருவார். அவருக்கும் கிடைக்காது என்பதில்தான் வருத்தம்.

2021-ல் கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதியும், உறவினர் பராமரிப்பில் இருந்தால் மாதம் 3,000 ரூபாயும் அறிவித்தது. நல்ல காரியம். அன்றைக்கு மனு எழுதிக் கை வலித்தது. ஆனால் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள்: ஒருவரின் மகள் கொரோனாவில், இன்னொருவரின் மகள் பாம்பு கடித்து. பிள்ளைகளுக்கு ஒரே பசிதான். தாய் எதில் செத்தாள் என்று பார்த்துக் கொடுத்த பணம் அது. 2025 செப்டம்பரில் வந்த அன்புக் கரங்கள் திட்டம் அந்தப் பாகுபாட்டைப் பார்ப்பதில்லை. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுப் போன பிள்ளைக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். 'கைவிட்டுப் போன' என்ற சொல் ஒரு அரசுத் திட்டத்தில் இருப்பதைப் படித்ததும் அந்தப் பாட்டியின் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அந்த ஆடி மாதத்தில் அவரிடம் நாலாயிரத்தைப் பற்றிச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "பேத்திக்குக் கஞ்சி ஊற்ற நான் கூலி வாங்குவேனா?" என்றார். பூக்கட்டிப் பிழைப்பவர். முதியோர் உதவித்தொகை 1,200 வருகிறது. மூன்று பிள்ளைகள். ஆனாலும் கூலி என்ற சொல் குத்திவிட்டது. இந்த மானத்தை நான் பெஞ்சில் அடிக்கடி பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் "பணம் வருகிறது, அதனால்தான் வைத்திருக்கிறாள்" என்று பேசுவார்களே என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. பேசத்தான் செய்கிறார்கள். பிள்ளையை இல்லத்தில் விட்டால் கல் மனசு என்பார்கள், வீட்டில் வைத்துக்கொண்டு உதவி வாங்கினால் காசு ஆசை என்பார்கள். சும்மா வளர்த்தால் மட்டும் புண்ணியம் என்பார்கள். இந்தப் புண்ணியத்தைக் கொண்டுபோய் எந்த மளிகைக் கடையில் மாற்றுவது?

நான் அவரிடம் சொன்னது இதுதான்: "பாட்டி, பணம் உங்களுக்கு இல்லை. பிள்ளைக்கு. அவள் இல்லத்திலேயே இருந்திருந்தால் சோறு, துணி, புத்தகம் எல்லாவற்றுக்கும் அரசாங்கம் செலவு செய்திருக்கும் இல்லையா? அவள் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதால் அந்தச் செலவு நின்றுபோக வேண்டுமா?" கொஞ்ச நேரம் பெஞ்சின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை உதறிவிட்டு, "சரி, எழுது" என்றார்.

இனி என் தொழில் சார்ந்த சில சொற்கள். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பாட்டியோ சித்தியோ மாமாவோ இருப்பார்கள், அவர்களிடம் சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழுவின் ஆணை வெறும் சீட்டு இல்லை. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது. அதைக் கல்யாணப் பத்திரிகை போலப் புரட்டிப் பார்த்துவிட்டு "இது எதற்கு?" என்று கேட்பவர்களை நானே கவுண்டரில் பார்த்திருக்கிறேன். கேட்கட்டும். நீங்கள் ஆணையின் நகலை மனுவின் முதல் இணைப்பாக வையுங்கள், எண்ணையும் தேதியையும் மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பத்து நகல் எடுத்துவிட்டு அசலை வீட்டில் பூட்டி வையுங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். அதற்கு நான் முப்பது ரூபாய் வாங்குகிறேன், இருந்தும் சொல்கிறேன். லேமினேட் செய்த காகிதத்தில் முத்திரை பதியாது.

வங்கியில் இயற்கைப் பாதுகாவலர் யார் என்று கேட்பார்கள். 1956-ஆம் ஆண்டின் சட்டம் இந்துக் குடும்பங்களில் அப்பாவை, அவருக்குப் பிறகு அம்மாவைச் சொல்கிறது. பாட்டி அதில் வரமாட்டார். முறைப்படி பாதுகாவலர் ஆக வேண்டுமென்றால் 1890-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டப்படி நீதிமன்றம் போக வேண்டும். பூக்கட்டும் பாட்டி வக்கீலுக்கு எங்கே போவார்? பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்பதைச் சொல்லி, பெரியவளை அங்கே அனுப்பினேன். தன் பெயர் அச்சடித்த பாஸ்புக்கை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள்.

சாதிச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கதை. இறந்துபோன மகளின் பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுக்க இரண்டு வாரம் ஆனது. நிதி ஆதரவுப் பணம் முதல் தடவை வர ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் திங்கட்கிழமைதோறும் பாட்டி வருவார், "வந்துவிட்டதா?" என்று கேட்பார், நான் அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வேன், போய்விடுவார். பள்ளியில் காலைச் சிற்றுண்டி மட்டும் இல்லையென்றால் அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை அது உண்டு என்பதால் சின்னப் பையன்கள் இருவருக்கும் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரத்தில் கூடுதலாக ஐந்தாறு முழம் கட்டிவிடுவேன் என்றார் பாட்டி. திட்டம் தீட்டியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்களா?

நகலுக்கு நான் காசு வாங்குவதில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். வாங்குகிறேன், பக்கத்துக்கு இரண்டு ரூபாய். மனு எழுதக் கேட்பதில்லை. ஆனால் பாட்டி ஒரு முழம் பூவை மிஷின் மேல் வைக்காமல் போகமாட்டார். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அத்தையும் மருமகளும் பாதிப் பாதியாக வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வாரமும் திங்கட்கிழமை வந்தார். பை இல்லை. கடைசிப் பையன் மட்டும் கூட இருந்தான். லேசான காய்ச்சல், பள்ளிக்கு அனுப்பவில்லை. என்ன மனு என்று கேட்டேன். "மனு ஒன்றும் இல்லை தம்பி. கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஊசி கோக்க முடியவில்லை. இவனை மதியம் வரைக்கும் பார்த்துக்கொள்வாயா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். ஒரு வருடமாக என்னிடம் எத்தனையோ காகிதம் கேட்டிருக்கிறார். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இதற்கு இத்தனை நாள் தயங்கியிருக்கிறார்.

பையனை மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். கூட்டம் குறைந்ததும், கையை விரித்துக் கண்ணாடி மேல் வைக்கச் சொல்லி ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். ரேகை எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தபடி அவன் பாய் விரித்த இடத்தில் தூங்கிப்போனான். ஒன்றரை மணிக்குச் சொட்டு மருந்து விட்ட கண்ணோடு வந்த பாட்டி அவன் பிடியிலிருந்து அதை மெல்ல உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரிந்திருக்காது. நாலாக மடித்து, இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.